குற்ற நாவலை ஹாலிவுட் திரைக்கதையாக மாற்றுவது எப்படி? உரிமை வாங்குவதிலிருந்து கடைசி டிராஃப்ட் வரை

ஒரு குற்ற நாவல் பிடித்துப்போய், இதைப் படமாக எழுதிவிடலாம் என்று உட்காருகிற பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது சுருக்குவது. நானூறு பக்கத்தை நூற்றிருபது பக்கமாக்க வேண்டும், அதனால் அத்தியாயம் அத்தியாயமாகப் போய் அங்கங்கே வெட்டிக்கொண்டே வருகிறார்கள். கடைசியில் கையில் இருப்பது நாவலின் சுருக்கம், அவ்வளவுதான். அதைப் படமாக எடுக்க முடியாது.

குற்றக் கதையில் வாசகரை இழுத்துக்கொண்டு போவது தகவல். யாருக்கு எது தெரியும், எப்போது தெரியும், யாருக்கு இன்னும் தெரியாது. நாவலாசிரியர் அதை வார்த்தைகளுக்குள் ஒளித்து வைப்பார். கேமராவுக்கு அந்த வசதி கிடையாது, ஒருவன் உள்ளே வந்தால் அவன் முகம் தெரிந்தே தீரும். அதனால் யார் கண் வழியாகப் பார்க்கிறோம், தகவல் எந்த வரிசையில் வெளியே வருகிறது என்ற இரண்டையும் புதிதாக முடிவு செய்வதுதான் தழுவல். கீழே சொல்கிற எல்லாப் படிகளும் இதற்காகத்தான். ஒரு எச்சரிக்கை: உதாரணங்களுக்காகச் சில படங்களின் முடிவை வெளிப்படையாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. புத்தகத்தின் காப்புரிமைப் பக்கத்தில் பதிப்பகத்தின் பெயர் இருக்கும். அங்கே உரிமைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு எழுதி, திரைப்பட உரிமையை எந்த ஏஜென்ட் கவனிக்கிறார், அது இப்போது யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று பதில் வந்தால் அந்த நாவலை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

உரிமை காலியாக இருந்தால், ஹாலிவுட்டில் யாரும் எடுத்த எடுப்பில் முழுசாக வாங்குவதில்லை, ஆப்ஷன் எடுப்பார்கள். 12 அல்லது 18 மாதத்துக்கு இந்தக் கதையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று எழுத்தாளர் ஒப்புக்கொள்வார், அதற்கு ஒரு சிறு தொகை. படம் உறுதியானால் கொடுக்க வேண்டிய முழு விலையும் அதே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்த முழு விலையில் சுமார் 10 சதவீதம் ஆப்ஷன் தொகை என்பது பழைய வழக்கம், ஆனால் அதிகம் பேசப்படாத நாவலுக்கு, எழுத்தாளருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்தால், மிகக் குறைவான தொகைக்கே கிடைக்கலாம். கால நீட்டிப்பு விதி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் 18 மாதத்தில் எதுவும் நடக்காமல் போவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். பொழுதுபோக்குத் துறை வழக்கறிஞர் ஒருவரைக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

காசில்லாமல் பழக நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி, காப்புரிமைக் காலம் முடிந்து யாரும் பயன்படுத்தலாம் என்றாகிவிட்ட நாவல்கள். அமெரிக்காவில் 1930இல் வெளியான புத்தகங்கள் 2026 ஜனவரி 1 அன்று காப்புரிமையிலிருந்து விடுபட்டன. டஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' அதில் ஒன்று. ஆனால் கவனம்: விடுபட்டது நாவல் மட்டும்தான். 1941இல் வந்த படத்தில் புதிதாகச் சேர்த்த காட்சியோ வசனமோ உங்கள் ஸ்கிரிப்ட்டுக்குள் வந்துவிடக் கூடாது. ஐரோப்பாவில் கணக்கே வேறு, அங்கே ஆசிரியர் இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள், ஹாமெட் இறந்தது 1961இல். உலகம் முழுக்க வெளியாகிற படத்துக்கு இதுவும் முக்கியம்.

படி 2: நாவலைப் பிரித்துப் போட்டுப் படியுங்கள்

முதல் முறை வாசகராகப் படியுங்கள், பேனாவைத் தொட வேண்டாம். எந்த இடத்தில் உடம்பு நிமிர்ந்தது, எங்கே பக்கத்தைத் தள்ளினீர்கள் என்று முடித்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதி வையுங்கள். பத்து தடவை படித்த பிறகு அந்த முதல் உணர்ச்சி திரும்பக் கிடைக்காது, தயாரிப்பாளரிடம் கதை சொல்லும்போது உங்களுக்குத் தேவைப்படப்போவதும் அதுதான்.

இரண்டாவது வாசிப்புக்கு இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா செய்ததைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. மரியோ பூஸோவின் 'தி காட்ஃபாதர்' நாவலைப் பக்கம் பக்கமாக வெட்டி, பெரிய தாள்களில் ஒட்டி, சுற்றிலும் இருந்த வெற்றிடத்தில் குறிப்பெழுதி ஒரு தடித்த கோப்பு செய்துகொண்டார். ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து தலைப்புகள்: காட்சியின் சுருக்கம், அந்தக் காலகட்டம், படிமங்களும் தொனியும், காட்சியின் மையம், விழக்கூடிய குழிகள். கடைசித் தலைப்பைத் தவறவிடாதீர்கள். இந்தக் காட்சி எப்படிக் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது படப்பிடிப்பு நாள் வரைக்கும் உதவும்.

படி 3: யாருடைய கதை?

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

ஜேம்ஸ் எல்ராயின் 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' 1990இல் வந்த நாவல். ஏறக்குறைய 500 பக்கம், கதை 1950களின் பெரும்பகுதியில் விரிகிறது, உள்ளே எக்கச்சக்கமான பாத்திரங்கள், ஒரு பொழுதுபோக்குப் பூங்கா, பழைய குழந்தைக் கொலை வழக்கு, அதற்குள் இன்னொரு சதி. படமாக்கவே முடியாது என்று பலரும் நினைத்த புத்தகம். திரைக்கதையாசிரியர் பிரையன் ஹெல்கலாண்டும் இயக்குநர் கர்ட்டிஸ் ஹான்சனும் அதற்கு ஒரு எளிய அளவுகோல் வைத்துக்கொண்டார்கள். மூன்று போலீஸ்காரர்களும் இல்லாத காட்சி எதுவாக இருந்தாலும் தூக்கிவிட்டு, மிச்சம் இருப்பதிலிருந்து கதையைக் கட்டுவது. பட் வைட், எட் எக்ஸ்லி, ஜாக் வின்சென்ஸ். இந்த மூவரின் மேல்தான் நாவலின் உயிர் இருக்கிறது என்று முடிவெடுத்ததால்தான் அவர்களால் அப்படி வெட்ட முடிந்தது. பூங்கா போனது, குழந்தைக் கொலை வழக்கு போனது, பல ஆண்டுக் கதை குறுகிய காலத்துக்குள் இறுக்கப்பட்டது. 1997இல் படம் வந்தது, தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் இருவருக்கும் கிடைத்தது.

அவர்கள் சம்பவங்களைத் தரம் பிரித்து வெட்டவில்லை, ஆளை வைத்து வெட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். சம்பவத்தை வைத்து வெட்டினால் ஒவ்வொன்றும் 'இது இல்லாமல் அது புரியாதே' என்று கையைப் பிடித்துக்கொள்ளும், ஒன்றுமே போகாது. ஆளை வைத்து வெட்டினால் ஓட்டைகள் விழும், அந்த ஓட்டைகளைப் புதிதாக எதையாவது வைத்து அடைக்க வேண்டிவரும். எழுத்தாளருக்கான வேலை ஆரம்பிப்பதே அங்கேதான்.

எக்ஸ்லியின் அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் அவர் உயிரோடு இருக்கிறார், செல்வாக்கான மனிதர், சதியிலும் அவருக்குத் தொடர்புண்டு. படத்தில் அவர் எப்போதோ செத்துவிட்டார், பர்ஸ் பறித்த ஒருவனால் சுடப்பட்டு. அவன் யாரென்றே கடைசிவரை தெரியவில்லை. எக்ஸ்லி அவனுக்கு ரோலோ டொமாசி என்று தானே ஒரு பெயர் வைத்திருக்கிறான், தப்பித்துவிட்டோம் என்று நினைக்கிறவனுக்கான பெயர் அது. இது நாவலிலேயே இல்லை. எக்ஸ்லி இதை வின்சென்ஸிடம் மட்டும் சொல்கிறான். பிறகு கேப்டன் டட்லி ஸ்மித் வின்சென்ஸைச் சுடும்போது, அவன் சாகும் தறுவாயில் சிரித்தபடி சொல்வது இந்தப் பெயரைத்தான். கொஞ்ச நேரம் கழித்து டட்லியே எக்ஸ்லியிடம் வந்து, ரோலோ டொமாசி என்று வின்சென்ஸ் யாரையாவது சொல்லியிருக்கிறானா என்று விசாரிக்கிறார். அந்த நொடியில் கொலைகாரன் யாரென்று எக்ஸ்லிக்குத் தெரிந்துவிடுகிறது, அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நமக்குத் தெரிகிறது, டட்லிக்கு மட்டும் தெரியவில்லை. ஒரே ஒரு பெயர் அப்பாவின் மரணம், எக்ஸ்லி ஏன் போலீஸானான் என்ற காரணம், கொலையின் துப்பு என மூன்றையும் சுமக்கிறது. நாவல் நூற்றுக்கணக்கான பக்கங்களில் விசாரித்துப் போய்ச் சேருகிற இடத்துக்குப் படம் ஒரு கேள்வியில் போய்விடுகிறது. தழுவல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த ஒரு கண்ணியைத்தான்.

சரி, உங்கள் நாவலுக்கு எப்படி? முக்கியமான பாத்திரங்களை எழுதி, ஒவ்வொருவர் பக்கத்திலும் 'குற்றம் நடந்ததால் இவர் எதை இழக்கிறார், கடைசியில் எந்த முடிவை இவர் மட்டுமே எடுக்க முடியும்' என்று எழுதுங்கள். இரண்டு கேள்விக்கும் வலுவான பதில் இருக்கிற ஆள் உங்கள் நாயகர். சமயத்தில் அது துப்பறிபவராக இருக்காது.

படி 4: இரண்டு காலண்டர்கள்

ஒரு தாளில் குற்றம் நடந்த வரிசையை எழுதுங்கள். திட்டம் எப்போது போட்டார்கள், யார் எங்கே இருந்தார்கள், ஆயுதம் எங்கே போனது, முதல் பொய்யை யார் சொன்னது. படத்தில் இதில் பாதிகூட வராமல் போகலாம், ஆனாலும் மணி வாரியாக எழுதுங்கள். இன்னொரு தாளில் பார்வையாளருக்கு அது தெரியவரும் வரிசை. ஒவ்வொரு துப்புக்கும் மூன்று கட்டம்: முதலில் கண்ணில் படும் இடம், அர்த்தம் மாறும் இடம், அதனால் ஒருவர் ஏதாவது செய்யும் இடம். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தத் துப்பு வெறும் தகவல், தூக்கிவிடலாம்.

துப்பை எப்போதும் பொருளாகவோ செயலாகவோ காட்டுங்கள். நாவலில் பரிசோதனைக்கூட அறிக்கையை மூன்று பக்கம் படிக்கலாம், படத்தில் ஒருவர் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு விளக்கினால் தூக்கம் வரும்.

வரிசையை மட்டும் மாற்றி எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு 1991இல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' போதும். தாமஸ் ஹாரிஸின் நாவலை டெட் டாலி திரைக்கதையாக்கினார். எஃப்பிஐ படை ஒரு வீட்டைச் சுற்றி வளைக்கிறது, கொலைகாரன் தன் வீட்டின் அடித்தளத்தில் இருக்கிறான், மணி அடிக்கிறது. இரண்டும் ஒரே வீடு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கதவு திறந்தால் வாசலில் தனியாக நிற்பது கதையின் நாயகி, எஃப்பிஐ பயிற்சி மாணவி கிளாரிஸ். படையோ வேறொரு மாநிலத்தில் வெறும் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமல், காட்சிகளை அடுத்தடுத்து வைத்தே நம்மை ஏமாற்றிவிடுகிறார்கள். கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: நாவலில் கிளாரிஸின் மேலதிகாரி கிராஃபோர்டின் மனைவி சாகக் கிடக்கும் கிளைக்கதை உண்டு, மனதைத் தொடுகிற பகுதிதான், படத்தில் கிடையாது. கிளாரிஸின் கதையைச் சொல்ல அது தேவைப்படவில்லை.

தர்க்கம் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். 'தி பிக் ஸ்லீப்' படப்பிடிப்பில் ஒரு பாத்திரம் கொலை செய்யப்பட்டதா, தற்கொலையா என்று வாக்குவாதம் வந்து, நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லருக்கே தந்தி அடித்தார்கள். தனக்கும் தெரியவில்லை என்று அவர் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். 1946இல் வந்த அந்தப் படத்தை மக்கள் இன்றும் பார்க்கிறார்கள். ஆனால் இதை நம்பி நீங்கள் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். புதிய எழுத்தாளரின் ஸ்கிரிப்ட்டில் ஓட்டை தெரிந்தால் படிப்பவர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்.

படி 5: மனக்குரலை என்ன செய்வது

குற்ற நாவல்களில் பாதி 'நான்' என்று பேசும். மீதிப் பாதியில் துப்பறிபவரின் தலைக்குள் உட்கார்ந்திருப்போம். 'தி மால்டீஸ் ஃபால்கன்' அதற்கு விதிவிலக்கு. அதில் துப்பறியும் சாம் ஸ்பேடு என்ன நினைக்கிறான் என்று ஹாமெட் ஒரு இடத்திலும் சொல்வதில்லை, செய்வதையும் பேசுவதையும் மட்டுமே எழுதுகிறார். அதனால்தான் 1941 படத்தை எழுதி இயக்கிய ஜான் ஹஸ்டனால் நாவலின் வசனங்களை இவ்வளவு அப்படியே எடுத்துக்கொள்ள முடிந்தது. முதல் தழுவலுக்கு இந்த மாதிரி நாவல் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மற்றவற்றுக்கு, சிந்தனையைச் செயலாக்க வேண்டும். நானே எழுதிய ஒரு சின்ன மாதிரி. நாவலில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

"அவன் சொன்னதை ரூத் நம்பவில்லை. கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லும் ஆண்களை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள், அவர்களில் ஒருவனோடு ஆறு வருடம் குடும்பமும் நடத்தியிருக்கிறாள்."

திரைக்கதையில் ('இன்ட்.' என்றால் உட்புறக் காட்சி):

இன்ட். மோட்டல் அறை – காலை
டாம்: ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிட்டேன்.
ரூத்தின் பார்வை படுக்கைக்குப் போகிறது. விரிப்பு ஒரு மடிப்புக்கூடக் கலையாமல், நான்கு மூலையும் செருகியபடியே இருக்கிறது.
ரூத்: நல்ல தூக்கமா?
டாம்: அடிச்சுப் போட்ட மாதிரி.
அவள் போய்ப் படுக்கையின் ஓரத்தில் உட்காருகிறாள். விரிப்பில் முதல் சுருக்கம் விழுகிறது. டாம் அதைப் பார்க்கிறான்.

ரூத்தின் சந்தேகம் வந்துவிட்டது. ஆறு வருடக் குடும்பம் வரவில்லை. அது கதைக்கு வேண்டுமென்றால் வேறொரு காட்சியில், வேறொரு செயலாக வரட்டும், இதற்குள் திணிக்காதீர்கள்.

வாய்ஸ் ஓவர், அதாவது காட்சிக்கு மேல் ஒலிக்கும் பாத்திரத்தின் குரல், வைக்கவே கூடாதா? வைக்கலாம், அதற்குக் கதைக்குள் ஒரு காரணம் இருந்தால். ஜேம்ஸ் எம். கெயினின் கதையிலிருந்து 1944இல் இயக்குநர் பில்லி வைல்டரும் சாண்ட்லரும் எழுதிய 'டபுள் இன்டெம்னிட்டி'யில், குண்டு பாய்ந்த நாயகன் நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து, உடன் வேலை செய்யும் நண்பர் கீஸுக்காக டிக்டாஃபோன் என்ற குரல்பதிவுக் கருவியில் வாக்குமூலம் பதிகிறான். படம் முழுக்க வரும் குரல் அதுதான், அது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பதே ஒரு உணர்ச்சி. கோயன் சகோதரர்கள் 2007இல் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' எடுத்தபோது, நாவலில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வரும் ஷெரிஃபின் தனிமொழிகளைத் தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் குரலாக வைத்தார்கள். கடைசியில் வரும் கனவைக்கூட அவர் சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் சொல்கிறார்.

படி 6: சீன் ஆர்டர்

அட்டைகளை எடுங்கள். ஒரு சீனுக்கு ஒரு அட்டை, மொத்தம் 40 முதல் 60. இடம், யார் இருக்கிறார்கள், சீன் முடியும்போது என்ன மாறியிருக்கிறது, பார்வையாளருக்குப் புதிதாக என்ன தெரிந்தது. எதுவும் மாறாத அட்டையைக் கிழித்துவிடுங்கள்.

நம் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. இன்டர்வல் பிளாக்கை நோக்கிக் கதையை ஏற்றிக்கொண்டு போய், பிறகு மறுபடி முதலிலிருந்து கிளப்புவது நம் கைக்குப் பழகிப்போயிருக்கிறது. ஹாலிவுட் படத்துக்கு இடைவேளை இல்லை. நடுவில், 55 அல்லது 60ஆம் பக்கம் வாக்கில், வழக்கைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருந்தது புரள வேண்டும், ஆனால் அடுத்த சீன் அதே வேகத்தில் ஓட வேண்டும். கில்லியன் ஃப்ளின் தன் 'கான் கேர்ள்' நாவலைத் தானே திரைக்கதையாக்கியபோது, நாவலின் இரண்டாம் பகுதியில் திறக்கும் உண்மையைப் படத்தின் ஏறக்குறைய நடுவில் வைத்தார். அந்த இடத்திலிருந்து யார் வேட்டைக்காரர் என்பதே மாறிவிடுகிறது.

மற்றபடி முதல் 25, 30 பக்கத்துக்குள் நாயகர் வழக்கிலிருந்து விலக முடியாத நிலைக்கு வந்திருக்க வேண்டும், 85, 90 வாக்கில் கடைசிக் கட்டம் தொடங்க வேண்டும். அட்டைகள் சரியாக விழுந்த பிறகு பத்துப் பன்னிரண்டு பக்க ட்ரீட்மென்ட், அதாவது முழுக் கதையையும் உரைநடையில் சொல்லும் சுருக்கம், எழுதி, நாவல் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி எதுவோ, அங்கேதான் நீங்கள் நாவலை மனதில் வைத்துக்கொண்டு எதையோ விட்டிருக்கிறீர்கள்.

படி 7: வசனம், நடைமுறை

நாவலில் அருமையாக இருக்கும் வசனம் வாயில் வராமல் போகும். கெயினின் வசனங்களை அப்படியே வைத்துக்கொள்ள வைல்டர் ஆசைப்பட்டார், அவை கண்ணுக்காக எழுதப்பட்டவை, காதுக்கு எடுபடாது என்றார் சாண்ட்லர். நடிகர்களை வைத்துப் படிக்கச் சொன்னபோது சாண்ட்லர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. நீங்களும் ஒவ்வொரு வசனத்தையும் சத்தமாகப் படித்துப் பாருங்கள், முடிந்தால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அமெரிக்கப் போலீஸ் அமைப்பையும் ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். நகரப் போலீஸ் வேறு, கவுன்டி ஷெரிஃப் வேறு, எஃப்பிஐ வேறு, யார் எல்லைக்குள் பிணம் கிடக்கிறது என்பதே ஒரு மோதலாகலாம். வெஸ்ட் ஹாலிவுட்டைக் காவல் காப்பது லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீஸ் இல்லை, கவுன்டி ஷெரிஃப். பெரும்பாலான இடங்களில் மாவட்ட அரசு வழக்கறிஞர் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர், அதனால் அவருக்கு வழக்கோடு சேர்த்து ஓட்டும் கவலை. 'பேசாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று கைதியிடம் சொல்லும் வழக்கம் 1966இல் வந்த மிராண்டா தீர்ப்புக்குப் பிறகுதான், 1953இல் நடக்கும் கதையில் அது வந்தால் அபத்தம்.

படி 8: முடிவை மாற்றலாமா

மாற்றலாம், ஆனால் சலிப்பினாலோ தைரியக் குறைவாலோ மாற்றாதீர்கள். எல்ராயின் நாவலில் டட்லி ஸ்மித் தப்பித்துக்கொள்கிறார், அடுத்த நாவலிலும் இருக்கிறார். படத்துக்கு அடுத்த பாகம் கிடையாது. தப்பித்தவர்களைப் பிடிப்பதற்காகவே போலீஸான எக்ஸ்லி, சட்டத்தை மீறமாட்டேன் என்று படம் முழுக்கச் சொன்னவன், டட்லியை முதுகில் சுடுகிறான். நாவலிலிருந்து விலகிய முடிவுதான், ஆனால் படம் தானாகக் கட்டிய ரோலோ டொமாசியிலிருந்து நேராகப் பிறக்கிறது.

முடிவு எங்கே விழுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 'டபுள் இன்டெம்னிட்டி'க்கு நாயகன் விஷவாயு அறையில் இறக்கும் காட்சியை வைல்டர் படமாக்கியே விட்டார், பிறகு எடுத்துவிட்டார். வாசலில் சரிந்து கிடக்கும் அவனுக்கு நண்பர் கீஸ் சிகரெட் பற்றவைக்கும் இடத்தில் கதை ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது.

படி 9: பக்கத்தில் இறக்குவது, வெளியே அனுப்புவது

கூரியர் எழுத்துரு, 12 புள்ளி, இடது ஓரம் ஒன்றரை அங்குலம். இந்த அளவில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்று கணக்கு. 110 பக்கத்தைக் குறி வையுங்கள், 120ஐத் தாண்டாதீர்கள். ஃபைனல் டிராஃப்ட் என்ற மென்பொருளைத்தான் அங்கே பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள், காசு கொடுக்க விருப்பமில்லையென்றால் ட்ரெல்பி இலவசம். கேமரா கோணங்களை எழுதாதீர்கள், எழுதும் வரிசையிலேயே கோணம் தெரிய வேண்டும்.

முதல் டிராஃப்ட்டை நாவலை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். அட்டைகள் மட்டும் எதிரில் இருக்கட்டும். முடித்த பிறகு நாவலைத் திறந்து, விட்டுப்போன நல்ல வரி ஏதாவது உண்டா என்று ஒருமுறை பாருங்கள், உங்களுக்கு மிகவும் பிடித்த பகுதியாக இருந்தாலும் இடமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஃபால்கன் நாவலில் ஃபிளிட்கிராஃப்ட் என்ற மனிதனைப் பற்றி ஸ்பேடு சொல்லும் கதைதான் பல வாசகர்களுக்கு அந்தப் புத்தகத்தின் இதயம். ஹஸ்டன் அதை எடுக்கவே இல்லை.

அனுப்பும்போது பெரிய ஸ்டூடியோக்களுக்கு நேராக அனுப்பிப் பயனில்லை, ஏஜென்ட் வழியாக வராத ஸ்கிரிப்ட்டைப் பிரிக்காமலே திருப்பிவிடுவார்கள். எழுத்தாளர்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர்களுக்கும் சிறிய தயாரிப்பு நிறுவனங்களுக்கும் நாலு வரி மின்னஞ்சல் எழுதுங்கள், நாவலின் உரிமை உங்களிடம் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் ஸ்கிரிப்ட்டைப் பதிவு செய்துவிட்டு அனுப்புங்கள். முகப்புப் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே, எந்த நாவலைத் தழுவியது, ஆசிரியர் யார் என்று இருக்க வேண்டும். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் இரண்டு பெயருக்கும் நடுவில் '&' குறி போடுங்கள். அங்கே எழுத்தாளர் சங்க விதிப்படி அந்தக் குறி சேர்ந்து எழுதியவர்களுக்கு, 'அண்ட்' என்று எழுத்தில் வந்தால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் தனியாக மாற்றி எழுதினார் என்று பொருள், பணத்தைப் பிரிக்கும் கணக்கும் அதைப் பொறுத்து மாறும்.